முதலில் தடுப்பை நகர்த்தியவர்

எங்கள் ஸ்கேன் மையத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு, வரவேற்பில் உட்காரும் பெண் வைத்த பெயர் கறுப்புத்திரை. மற்றவர்களுடைய கணினியில் பூவோ கடலோ படமாக இருக்கும். இவருடையதில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரியின் முனையில் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கட்டம். அவ்வளவுதான். மவுஸைத் தொடவே மாட்டார். எல்லாவற்றையும் கட்டளையாக எழுதித்தான் செய்வார். "மவுஸப் பிடிச்சா கை ஒரே இடத்துல நின்னுடுது, எனக்கு ஒத்துவராது" என்பார். வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத மனிதர்.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், ஊசிக்குழாய் போடவும் நடக்க முடியாதவர்களை மேஜையில் ஏற்றி இறக்கவும் இந்த மையத்தில் சேர்ந்தவள் நான். காலை ஆட்டுகிறவர்கள், நகத்தைக் கடிக்கிறவர்கள், ஐந்து நிமிடம் படுங்கள் என்றால் எழுந்து செருப்பைத் தேடுகிறவர்கள் எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. இவர் தனி ரகம். தேநீரை நடந்துகொண்டே குடிப்பார். ஒரு கட்டளையை அடித்துவிட்டு, அது முடியும்வரை தாழ்வாரத்தில் போய்வருவார். ஒரு சுற்றுக்கு எண்பத்தாறு அடி என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். பேனா மூடிகள் எதுவும் அவரிடம் முழுசாக இருந்ததில்லை.

ஆரம்பத்தில் ஓர் அச்சகத்தில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாராம். அங்கே ஒரு பழைய கணினி. படங்களோடு வரும் திரை அதில் ஓடாது. எழுத்தில் கட்டளை கொடுத்தால்தான் அசையும். அதைத் தொட அங்கே யாருக்கும் பொறுமையில்லை. இவருக்கும் இல்லைதான். ஆனால் கட்டளை அடித்த மறுவிநாடி பதில் வந்ததில் மனிதருக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்றைக் கற்றுக்கொண்டு, அது இழுத்துக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் போய், கடைசியில் எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தார்.

மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறார். மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை நடந்தபோது, ஆறு வாரம் மாலை நேரங்களில் அவர்கள் வீட்டுக்குப் போய் நடக்கப் பழக்கினேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் நான்கு எட்டு வைப்பதற்குள் மருமகன் எங்களை மூன்று முறை கடந்து போவார், காதில் போனோடு. மாமியார் வாக்கரைப் பிடித்தபடி என்னிடம் சொன்னார்:

"இடுப்பு உடைஞ்சது எனக்கு. நடைப்பயிற்சி அவருக்கு."

வேலை செய்வதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தொலைபேசி எண் தப்பாக அச்சாகி வீணான சந்திப்பு அட்டைகள் எங்களிடம் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. பெரிய வேலை வந்தால் அவற்றின் பின்பக்கத்தில் ஓர் அட்டைக்கு ஒரு கட்டளை என்று கொட்டை எழுத்தில் எழுதி, சர்வர் அறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுவார். ஒன்றை அடித்து முடித்ததும் அந்த அட்டையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போவார். ஒரே தாளில் பட்டியலாக எழுதினால் கண் மூன்று வரி முன்னால் ஓடிவிடுகிறதாம், கையும் பின்னாலேயே போய்விடுகிறதாம். தன்னைத் தெரிந்தவர் செய்த ஏற்பாடு என்று எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. ஆபத்தான கட்டளை என்றால் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். இன்னது நடக்கப்போகிறது, செய்யட்டுமா? இவர் படிக்காமலே, ஆமாம் என்பதற்கான ஒய் எழுத்தைத் தட்டிவிடுவார். ஒருமுறை கேட்டேன்.

"அது என்ன கேட்டுச்சுன்னு பாத்தீங்களா தம்பி?"

"அது எப்பவும் கேக்கும் சிஸ்டர். எங்க மாமியார் மாதிரி. கதவப் பூட்டுனியா, அடுப்ப அணைச்சியா. ஆமா ஆமான்னுட்டுப் போக வேண்டியதுதான்."

அறுவை ஒப்புதல் படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும் இதே குரலில்தான் பேசுவார்கள். வார்டாக இருந்தால் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லியிருப்பேன். இது என் துறை இல்லை.

ஆனால் அவருடைய வேலை என்ன என்பது ஓரளவு புரிந்திருந்தது. எங்கள் மையத்தில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் எல்லாம் நான்கு டிஸ்குகளில் இருந்தன. நான்கையும் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கி, அதைத் தேவைக்குத் தகுந்தாற்போல் வால்யூம்களாகப் பிரித்து வைத்திருந்தார். படங்களுக்கு ஒரு வால்யூம், அவற்றின் நகலுக்கு ஒன்று. "ஒரு பெரிய ஹாலை நகர்த்துற தடுப்பு வச்சு ரெண்டு வார்டா பிரிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. அதன்பிறகு என்னிடம் அந்தப் பாஷையிலேயே பேசுவார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எத்தனை கட்டில், எந்தக் கட்டிலில் யார் என்று வார்டுக்கு உள்ளே ஒரு பதிவேடு இருக்கும். வார்டைச் சின்னதாக்க வேண்டுமென்றால் முதலில் ஓரத்தில் கிடக்கும் நோயாளிகளை உள்ளே நகர்த்த வேண்டும், பதிவேட்டைத் திருத்த வேண்டும். தடுப்பை நகர்த்துவது அதற்கப்புறம். வரிசை மாறினால் பதிவேட்டில் இருக்கிற நோயாளி தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடப்பார்.

அந்தச் சனிக்கிழமை அவர் செய்யவிருந்தது அதைத்தான். நகல் வால்யூம் நிரம்பி மூன்று வாரமாக எந்தப் படத்துக்கும் நகல் ஏறவில்லை. பட வால்யூமில் காலியிடம் நிறையக் கிடந்தது. இங்கே குறுக்கி அங்கே கூட்ட வேண்டும். எட்டரைக்கு மையம் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று காலை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார்.

அதே நாள் பதினொரு மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தையற்காரம்மா ஒருவருக்கு ஈரலில் அறுவை. ஐம்பத்திரண்டு வயது. பன்னிரண்டு நாள் முன்பு எங்களிடம்தான் ஸ்கேன் எடுத்தார். ரத்தக்குழாய்கள் தெரிவதற்காக மருந்து ஏற்றிப் படம் எடுத்து முடித்த கையோடு தொண்டை இறுகி, உடம்பெல்லாம் தடித்து, நானும் மருத்துவரும் ஊசி போட்டுக் காலைத் தூக்கிவைத்து மீட்டெடுத்தோம். அவருடைய சீட்டில் இனி இந்த மருந்து கூடாது என்று சிவப்பில் எழுதியாயிற்று. நாங்கள் கொடுத்தனுப்பிய சிடி அங்கே திறக்கவில்லை என்று வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. காலை ஒன்பதுக்கு ஆள் வந்து வேறு வாங்கிக்கொள்வார் என்றார்கள். வரவேற்புப் பெண் அதை எழுதிக் கறுப்புத்திரையின் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதைப் பார்த்தார். பத்து நிமிட வேலை. இடம் மாற்றியபிறகு செய்துகொள்ளலாம் என்று வைத்துவிட்டார். ஸ்கேன் இயந்திரம் படங்களை ஒரு வாரத்துக்கு மேல் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. ஆக அந்தப் படங்கள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன.

நான் ஏழு மணிக்கு வந்து பக்கத்து அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். நடுக்கதவு திறந்திருந்தது. விசைப்பலகைச் சத்தம், அட்டையைப் பிய்க்கும் சத்தம், செருப்புச் சத்தம். திடீரென்று எதுவும் இல்லை. இரவும் பகலும் முனகுகிற நோயாளி சத்தத்தை நிறுத்தினால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். போய்ப் பார்த்தேன். மனிதர் நின்றுகொண்டிருந்தார். அசையாமல்.

"என்ன தம்பி?"

"தடுப்ப முதல்ல நகத்திட்டேன் சிஸ்டர்."

கையில் இரண்டு அட்டைகள். குளிர்சாதனக் காற்றில் மூன்றாவதும் நான்காவதும் கீழே விழுந்திருக்கின்றன. ஒரு கையில் தேநீரோடு குனிந்து எடுத்து, படிக்காமல் மாற்றி ஒட்டியிருக்கிறார். பதிவேட்டைச் சுருக்குவதற்கு முன்னால் வால்யூமை வெட்டும் கட்டளை போய்விட்டது. இப்படிச் செய்தால் உள்ளே இருப்பது அழியலாம், செய்யட்டுமா என்று இயந்திரம் கேட்டிருக்கிறது. ஒய். அடுத்த அட்டையை அடித்தபோதுதான், பதிவேட்டில் இருக்கிற அளவு வார்டை விடப் பெரியது, நான் செய்ய மாட்டேன் என்று அது நின்றுவிட்டது.

"தையற்காரம்மா படம்?"

"எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியல. எல்லாமே இப்ப திறக்காது."

சொல்லும்போதே கை விசைப்பலகைக்குப் போயிற்று. திரையில் ஒரு யோசனை வந்திருந்தது: சோதனை செய்து சரிபார்க்கவும். அவர் பாதிக் கட்டளையை அடித்துவிட்டார். பிறகு எழுத்து எழுத்தாக அழித்தார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இது சரிபாக்கச் சொல்லுது. பாத்தா என்ன பண்ணும் தெரியுமா? இருக்கற வார்டுக்குத் தகுந்த மாதிரி பதிவேட்டத் திருத்திடும். அந்தப் பக்கம் கிடக்கறவங்க பேரெல்லாம் அடிச்சுடும்."

"இப்ப அவங்க அங்கதான் கிடக்கறாங்களா?"

"யாரும் தொடல. கட்டில்லதான் இருக்காங்க. தடுப்ப பழைய இடத்துலயே கொண்டு வச்சா ஒண்ணும் ஆகல. ஒரு அடி தள்ளி வச்சா போச்சு." சுவரில் மீதியிருந்த அட்டைகளைப் பார்த்தார். காலியான இடத்தை நகல் வால்யூமுக்குக் கொடுக்கும் கட்டளை அடுத்ததாக இருந்தது. அதை அடித்திருந்தால் அந்தக் கட்டில்களில் வேறு ஆட்கள் வந்து படுத்திருப்பார்கள். எல்லா அட்டைகளையும் பிய்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். தாழ்வாரத்துக்குப் போனார். மூன்று சுற்று. திரும்பி வந்தார். கதவைத் தொட்டுவிட்டு மறுபடி போனார்.

ஏழு நாற்பதுக்கு மேலாளர் வந்தார். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கறுப்புத்திரை மறைக்காமல் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார்.

"எவ்வளவு போச்சு?"

"இன்னும் எதுவும் போகல மேடம். நான் ஏதாவது பண்ணா போகும்."

"அப்ப எதுவும் பண்ணாதப்பா."

"எதுவும் பண்ணலன்னா வராது."

மேலாளர் என்னைப் பார்த்தார். "அந்தம்மாவ இப்ப வரச்சொல்லி ஒருதடவ எடுத்துடலாமா? பதினஞ்சு நிமிஷம்தானே?"

"மருந்து ஏத்த முடியாது. மருந்தில்லாம எடுத்தா கட்டி தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. டாக்டருக்குக் குழாய்தான் வேணும்."

"தள்ளிப்போட்டா?"

"அடுத்த தேதி அஞ்சு வாரம் கழிச்சுத்தானாம். நேத்து போன்லயே சொன்னாங்க. கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்குமான்னு அவங்களுக்கே தெரியாது."

"வெளிய யாரையாவது கூப்பிடுப்பா. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கல்ல."

"திங்கக்கிழமை வருவாங்க மேடம்."

மேலாளர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஒன்பது மணிக்கு ஆள் வரும். நான் முன்னாடி உக்காந்து சமாளிக்கறேன். யாருக்கும் ஸ்கேன் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பெண்மணி. கத்துவதற்கு நேரம் இருக்கிறது, பிறகு கத்திக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்.

கறுப்புத்திரை அறைக்கு வந்தார். ஒவ்வொரு தடவை தடுப்பை நகர்த்துவதற்கு முன்னாலும், அது அப்போது எங்கே இருந்தது என்று இயந்திரம் தானாகவே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறதாம். அந்தக் குறிப்புகளைத் திரையில் வரவழைத்தார். வரிசையாக நீளப் பெயர்கள், எல்லாம் ஒரே மாதிரி, முடிவில் எண் மட்டும் வேறு. வியாழக்கிழமை ஒத்திகை பார்த்திருந்ததால் அந்தக் குறிப்புகளும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்தக் கட்டளைக்கு முன்னால் எழுதியது என்று ஒரு வரி இருந்தது. நாற்பத்திரண்டாம் குறிப்பில் இன்றைய தேதி, இன்றைய வெட்டு.

"இதுதான்" என்றார். உட்கார்ந்தார். எழுந்தார். "சிஸ்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி வார்டுல ரெண்டு பேர் பாப்பீங்கல்ல. ஒருத்தர் பாட்டில்ல இருக்கறதப் படிக்க, இன்னொருத்தர் சீட்டப் பாக்க?"

"ஆமா."

"அது எனக்கு வேணும். நீங்க திரையப் படிங்க, நான் திரும்பி நின்னு சீட்டப் பாக்கறேன்."

"எனக்கு இதுல ஒரு எழுத்தும் புரியாது தம்பி."

"அதுதான் வேணும். புரிஞ்சா நீங்களும் தாண்டிப் போயிடுவீங்க."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் புதிதாக ஓர் அட்டையில் கட்டளையை எழுதினார், பிறகு அடித்தார், ஆனால் உள்ளே அனுப்பவில்லை. முதுகைத் திரைக்குக் காட்டி நின்றுகொண்டார். நான் இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். இடைவெளி வந்தால் இடைவெளி என்றேன், கோடு வந்தால் கோடு. பாதியில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. பெயரின் கடைசிக்கு வந்தேன்.

"நாலு. ஒண்ணு."

"ரெண்டு."

"ஒண்ணுன்னுதான் இருக்கு."

திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொன்று. வியாழக்கிழமைக் குறிப்பு. உதட்டில் நிறமே இல்லை. நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். விழுந்துவைத்தால் எனக்குத்தான் வேலை. உட்காரவில்லை. ஒன்றை அழித்து இரண்டைப் போட்டார்.

"மறுபடி முதல்லேந்து படிங்க."

படித்தேன். அது ஒத்திகைக் கட்டளை. செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டுவது. தவறில்லை என்று வந்தது. உண்மையான கட்டளைக்கு இன்னோர் அட்டை, இன்னொரு வாசிப்பு. அனுப்பினார். உடனே திரையில் ஒரு பத்தி வந்து விழுந்தது, கடைசியில் கேள்விக்குறி. அவர் விரல் ஒய்க்கு மேலே போய் நின்றது.

"படிங்க" என்றார். பிறகு, "இல்ல, இதை நானே படிக்கறேன்" என்று வாய்விட்டுப் படித்தார். வால்யூம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, இந்த நிலையில் மாற்றினால் குழப்பம் வரலாம், தொடரட்டுமா? வேண்டாம் என்பதற்கான ‘என்’ எழுத்தைத் தட்டினார். எல்லா வால்யூம்களையும் ஒவ்வொன்றாக இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதினார், ஒவ்வொன்றையும் நான் படித்தேன். எட்டரை ஆயிற்று. வெளியே நாற்காலிகள் நிரம்பும் சத்தம். ஒரு குழந்தை அழுதது. யாரோ, "திறந்து வச்சுக்கிட்டு எடுக்க மாட்டாங்களாம்" என்று மேலாளரிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை கேள்வி வரவில்லை. ஒரே ஒரு வரி: பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது.

"முடிஞ்சுதா?"

"தடுப்பு வந்துடுச்சு. உள்ள யாரு இருக்காங்க, யாரு இல்லன்னு இனிமேதான் பாக்கணும்." எதையும் திருத்தாமல் வெறுமனே பார்த்துவிட்டு மட்டும் வரும் சோதனை ஒன்று இருக்கிறதாம். அதை ஓடவிட்டார். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார். அந்த இருபத்தைந்து நிமிடமும் தாழ்வாரத்தில் நடந்தார். காத்திருந்தவர்களின் தலைகள் அவரோடு சேர்ந்து இடமும் வலமும் திரும்பின. ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "இவருக்கு என்ன வியாதி? இவர முதல்ல பாத்து அனுப்புங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

ஒன்பதுக்கு அறுவை மருத்துவரின் உதவியாளர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்பது பத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பன்னிரண்டுக்கு மேலாளரிடம், "இருக்கா இல்லையான்னு சொல்லுங்க மேடம், ஆபரேஷன் தியேட்டர்ல கேக்கறாங்க" என்றார். மேலாளர் தாழ்வாரத்தைக் கைகாட்டினார். "அவர் நின்னாருன்னா சொல்லிடுவேன்."

ஒன்பதே காலுக்குச் சோதனை முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை. எழுத முடியாதபடி, படிக்க மட்டும் வால்யூமைத் திறந்தார். தேதிவாரியாகப் படங்களைத் தேடி, தையற்காரம்மாவின் எண்ணை அடித்தார். சாம்பல் நிறத்தில் ஈரல், அதற்குள் வெள்ளைக் கொடிகளாகக் குழாய்கள், ஓரத்தில் கட்டி. ஒவ்வொரு துண்டாகக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மவுஸைத் தொட்டார் என்பதைக் கவனித்தேன், சொல்லிக்காட்டவில்லை.

இரண்டு சிடியில் ஏற்றினார், ஒரு பென் டிரைவிலும் போட்டார். உதவியாளர் கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"நானும் வரேன். போன தடவ குடுத்தது திறக்கலன்னு சொன்னீங்க."

"வண்டில ஒரு ஆளுக்குத்தான் இடம் சார், ஹெல்மெட் இல்ல."

"அப்ப நீங்க இத எடுத்துட்டு முன்னாடி போங்க" என்று ஒரு சிடியை மட்டும் கொடுத்தார். மற்றதையும் பென் டிரைவையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். இரண்டு கிலோமீட்டர். அவர் நடக்கிற வேகத்துக்கு வண்டிக்குப் பின்னால் ஐந்து நிமிடத்தில் போயிருப்பார் என்று வரவேற்புப் பெண் சொன்னாள்.

பத்தரைக்குத் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"திறந்துச்சு சிஸ்டர். மூடிட்டு இன்னொரு தடவ திறக்கச் சொன்னேன். ரெண்டாவது சிடியும் போட்டுப் பாக்கச் சொன்னேன். டாக்டர் என்னை வெளிய போகச் சொல்லிட்டாரு."

"சரி, போய்த் தண்ணி குடிங்க. வெளிய முப்பது பேர் உக்காந்திருக்காங்க."

அன்றைக்கு அவர் வால்யூமைத் தொடவில்லை. அடுத்த வாரம் புதிதாக இரண்டு டிஸ்குகள் வந்தன. நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மேலாளர் தள்ளிவைத்த கத்தலைத் திங்கட்கிழமை கத்தித் தீர்த்தார். அரை மணி நேரம். அறுவைக்குப் படம் கேட்டு மேஜையில் வைத்த சீட்டைத் தாண்டிப்போய் வேறு வேலையை முதலில் எடுத்தது ஏன் என்பதுதான் அதில் முக்கால்வாசி.

நான்கு மாதம் கழித்துத் தையற்காரம்மா மறுபரிசோதனைக்கு வந்தார், மருந்து தேவைப்படாத வேறு ஸ்கேனுக்கு. ஐந்து கிலோ இளைத்திருந்தார். வயிற்றில் தழும்பு நன்றாக ஆறியிருந்தது. மேஜையில் படுக்க வைத்துப் போர்த்தும்போது கம்பி ஒன்றைச் சரிபார்க்கக் கறுப்புத்திரை உள்ளே வந்தார். இவர்தான் கம்ப்யூட்டர்காரர் என்று சொல்லிவைத்தேன்.

"நீதானாப்பா அது?" என்றார் அந்த அம்மாள். "ஆபரேஷன் அன்னைக்குப் பச்சத்தண்ணி இல்லாம என்னைப் படுக்கவச்சுட்டு, படம் வரல படம் வரலன்னு நர்ஸுங்க ஓடுறாங்க. ஒரு படத்த ஒழுங்காக் குடுத்தனுப்பறதுக்கு என்ன கஷ்டம்? நாங்க ஒரு ரவிக்கைய அளவு மாத்தி வெட்டிட்டா சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்கம்மா."

"என்ன ஆச்சு அன்னைக்கு?"

"நான் அளவு பாக்கறதுக்கு முன்னாடி வெட்டிட்டேன்" என்றார் அவர்.

அந்த அம்மாள் தலையைத் தூக்கி அவரை ஏறிட்டுப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை. "அப்புறம் எப்படி ஒட்டுன?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் இருவரையும் நிறுத்தி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, மேஜையை உள்ளே தள்ளினேன்.